அப்பாயி பாட்டும் மாமாவின் தப்பும்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அதனால்தான் தென்மேற்கு மழைக்கு முன்னாலேயே, பெப்ரவரியில், அப்பாயியின் பாட்டுகளைப் பதியத் தொடங்கினேன். தாலாட்டு, கொழுந்து பறிக்கும்போது பாடியவை, மாமா தப்பு (பறை) அடிக்க அப்பாயி பாடும் தெம்மாங்கு. என்னிடம் ஒரு பழைய லெப்டொப், ஒரு யூஎஸ்பி மைக், அப்புறம் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். ரீப்பரை 60 நாள் காசு கட்டாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

முதல் நாள் இருவருக்கும் நடுவில் மேசைமேல் மைக்கை வைத்தேன். பிறகு ஹெட்போனில் கேட்டால், தீயில் காட்டி விறைப்பேற்றிய தப்பு காதைப் பிளக்கிறது, அப்பாயி கிணற்றுக்குள் இருந்து பாடுகிறார். பெரிய சத்தத்தை அமுக்கும் கம்ப்ரெஸர் போட்டேன். ஒவ்வொரு அடிக்கும் தப்போடு சேர்ந்து குரலும் அமுங்கியது. அலைவரிசைகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈகியூவில் மேல் அலைவரிசையைக் குறைத்தேன், தப்பின் கூர்மை போனது, பாட்டின் சொற்களும் மங்கின. இரண்டும் ஒரே தடத்தில் இருக்கும்போது ஒன்றைத் தொட்டால் மற்றது கெடுகிறது. இது புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது.

சரி, திரும்பப் பதிவோம் என்று முடிவு செய்தேன். அப்பாயியைக் காம்பராவில் (லயத்து அறையில்) உட்கார வைத்து, சுவரிலும் கதவிலும் கம்பளி தொங்கவிட்டு, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். மாமா வெளியே இஸ்தோப்பில் (முன் திண்ணையில்). அவர் பக்கத்தில் என் போன் தனியாகப் பதிந்தது. தொடக்கத்தில் ஒருமுறை பலமாகக் கைதட்டினேன், அந்தக் கைதட்டலை வைத்து இரண்டு தடங்களையும் ஒன்றாகப் பொருத்திவிடலாம். உச்சச் சத்தம் -12 டெசிபெல்லைத் (0 தான் பதிவின் மேல் வரம்பு) தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு தடங்களைச் சேர்த்துச் சமன் செய்யும் மிக்ஸிங்கில் செய்ய அதிக வேலையே இருக்கவில்லை.

ஒரு இரைச்சல் மட்டும் மிச்சம். அது மின்சாரத்தின் ரீங்காரம், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டியதில் அது குறைந்தது, அதன் மடங்குகளான 100, 150 குரலோடு ஒட்டி நின்றன. சார்ஜரைக் கழற்றி பெட்டரியில் பதிந்தபோதுதான் அது ஒழிந்தது.

கடைசி மெருகேற்றலான மாஸ்டரிங்கில் சத்தத்தைக் கூட்டும் ஆசையில், உச்சத்தை ஓர் அளவுக்கு மேல் விடாத லிமிட்டரை அழுத்தினேன், தப்பு அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஆகிவிட்டது. யூடியூப் -14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) மேல் போனதைத் தானே குறைத்துவிடும், பிறகு அழுத்தி என்ன பயன்? -16-இல், உச்சம் -1 டெசிபெல்லில் விட்டுவிட்டேன். இரவில் யாரும் எழும்பக்கூடாதென்று மெதுவாகக் கேட்டு மிக்ஸ் செய்ததில் இன்னொரு தவறும் நடந்தது. குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் (தாழ்ந்த ஒலி) குறைவாகத்தான் கேட்கும். அதனால் பேஸைக் கூட்டி வைத்திருக்கிறேன். மறுநாள் ஓட்டோ ஸ்பீக்கரில் போட்டதும் தெரிந்துவிட்டது.

கடைசியில் போனில் போட்டு அப்பாயியிடம் கொடுத்தேன். எங்கள் ஆட்கள் கேட்பது போனில்தானே. முழுதும் கேட்டுவிட்டு, "ஏன்டா, நான் மூச்சே விடாமப் பாடுறேன்?" என்றார். சுத்தமாக இருக்கட்டும் என்று மூச்சுச் சத்தங்களை எல்லாம் வெட்டியிருந்தேன். அன்று ராத்திரியே ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன்.