புவி அறிவியலில் பிஎச்.டி.: படிவத்துக்கு முன்னால் ஒரு மின்னஞ்சல்

பல்கலைக்கழகங்களின் தரவரிசைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பலரும் பிஎச்.டி.க்கு இடம் தேடத் தொடங்குகிறார்கள். புவி அறிவியலைப் பொறுத்தவரை அங்கேயே கோணல் ஆரம்பித்துவிடுகிறது. இந்தத் துறையில் உங்களை எடுப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் ஒரே ஒரு பேராசிரியரின் கையில் இருக்கிறது. அவரிடம் ஆராய்ச்சி நிதி இருக்க வேண்டும், குழுவில் இடம் இருக்க வேண்டும், அந்த வருடம் மாணவரை எடுக்கும் எண்ணமும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மதிப்பெண் எவ்வளவு இருந்தும் பலனில்லை. அமெரிக்காவில் உயிரியல் துறைகள் பல, மாணவரை முதலில் சேர்த்துக்கொண்டு, சில மாதங்கள் வெவ்வேறு ஆய்வகங்களில் வேலை செய்யவிட்டு, அப்புறம் நெறியாளரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். புவி அறிவியலில் அந்த வசதி அபூர்வம்.

ஆகவே டிசம்பரில் நிரப்பும் படிவத்தைவிட, செப்டம்பரில் அனுப்பும் மின்னஞ்சலுக்கே கனம் அதிகம். வட அமெரிக்காவில் கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்துக்கும் ஜனவரி நடுவுக்கும் இடையில் வரும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் கட்டுரைகளைப் படித்துப் பத்துப் பேராசிரியர்களைக் குறித்து வையுங்கள். செப்டம்பர், அக்டோபரில் எழுதுங்கள். நவம்பருக்குள் வீடியோ அழைப்பில் பேசி முடித்துவிட்டால், எந்த ஐந்தாறு இடங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டலாம் என்பது தானாகத் தெளிந்துவிடும்.

மின்னஞ்சல் 200 சொற்களைத் தாண்ட வேண்டாம். "தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர ஆவலாக உள்ளேன்" என்ற வரி அப்படியே இன்னும் நாற்பது பேருக்கும் போயிருக்கும் என்பது படிப்பவருக்குத் தெரியும். நீங்கள் யார், இதுவரை எதை அளந்தீர்கள் அல்லது கணக்கிட்டீர்கள், அவருடைய வேலையில் எந்த இடம் உங்களை இழுத்தது, அடுத்த கல்வியாண்டுக்கு மாணவர் எடுக்கிறாரா: இந்த நான்கும் போதும். சிவியை இரண்டு பக்கப் பிடிஎஃப்பாக இணைத்துவிடுங்கள்.

மூன்றாவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "உங்கள் கட்டுரையைப் படித்தேன், மிகவும் பிடித்திருந்தது" என்பதில் எந்தச் செய்தியும் இல்லை. அவர் அபடைட் தாதுவின் பிளவுத்தடங்களை (யுரேனிய அணுக்கள் பிளக்கும்போது படிகத்தில் விழும் நுண்கீறல்களை) வைத்து ஒரு மலைத்தொடர் எவ்வளவு வேகமாக அரிக்கப்பட்டது என்று கணக்கிட்டவர் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தடங்கள் ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பாறை குளிர்ந்த பிறகுதான் நிலைத்து நிற்கும். ஆழமான பள்ளத்தாக்கும் உயர்ந்த முகடும் அருகருகே இருந்தால் தரைக்கடியில் சமவெப்பக் கோடுகளே (ஒரே வெப்பநிலையுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) வளைந்துவிடும். "வெப்பநிலை ஆழத்தோடு ஒரே சீராக உயர்கிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பள்ளத்தாக்கிலிருந்து எடுத்த மாதிரிகளின் வயதை இது எவ்வளவு மாற்றும்?" இப்படி ஒரு கேள்வி, கேள்வியே தவறாக இருந்தாலும்கூட, பத்து வரிப் புகழ்ச்சியைவிட மேல். கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்தவர் இதைக் கேட்க முடியாது.

பதில் வரவில்லையா? களப்பயணத்திலோ கப்பலிலோ இருக்கலாம். இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் விட்டுவிடுங்கள். "நிதி இல்லை" என்ற பதில் வந்தால் அது உங்களுக்கு ஒரு விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்திய நல்ல பதில்.

வீடியோவில் பேசும்போது பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அமெரிக்காவில் பல ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நிதி மூன்று வருடத்துக்குத்தான் வரும், பிஎச்.டி.யோ ஐந்து வருடம் ஓடும். மிச்சமுள்ள இரண்டு வருடத்துக்குச் சம்பளம் எங்கிருந்து, வகுப்பெடுத்து ஈட்ட வேண்டுமா, கோடை மாதங்களுக்கும் உண்டா என்று கேளுங்கள். அதே அளவு முக்கியமானது தரவு. மாதிரிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றனவா, இனிமேல்தான் போய் எடுக்க வேண்டுமா? அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறைநிறமாலைமானி அவருடைய ஆய்வகத்திலேயே இருக்கிறதா, வேறிடத்தில் வரிசையில் நிற்க வேண்டுமா? அனுமதி கிடைக்காத ஒரு களப்பயணமோ தள்ளிப்போன ஒரு கப்பல் பயணமோ ஒரு முழு வருடத்தைத் தின்றுவிடும். இதற்கெல்லாம் நேரான பதில், அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசினால்தான் கிடைக்கும். குழுவை விட்டுப் பாதியில் போனவர்கள் எத்தனை பேர் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

இயற்பியலோ கணிதமோ படித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள், நிலவியல் படிக்கவில்லையே என்று நோக்க அறிக்கையில் (ஏன் இந்த ஆய்வு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரை) மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. நிலநடுக்கவியலுக்கும் காலநிலை மாதிரியாக்கத்துக்கும் அவர்களை விரும்பியே எடுப்பார்கள். விடுபட்ட பாடங்களைச் சேர்ந்த பிறகு படித்துக்கொள்ளலாம். கட்டமைப்பு நிலவியல், படிவியல் (பாறை அடுக்குகளைப் பற்றிய படிப்பு) பக்கம் போகிறவர்களுக்குக் கள வரைபட அனுபவம் இல்லாததுதான் குறையாகத் தெரியும். நிலவியல் மட்டுமே படித்தவர்களிடம் நேரியல் இயற்கணிதமும் கொஞ்சம் பைத்தானும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நோக்க அறிக்கை இரண்டு பக்கம். சிறு வயதில் கல் பொறுக்கிய கதை வேண்டவே வேண்டாம்; எல்லோருமே பொறுக்கியிருக்கிறார்கள். செய்த ஆய்வில் எது எதிர்பார்த்தபடி வரவில்லை, அதற்கு என்ன செய்தீர்கள் என்று எழுதினால் தேர்வுக்குழு நிமிர்ந்து உட்காரும். பேசிவைத்த பேராசிரியரின் பெயரை அறிக்கையிலும் படிவத்திலும் கட்டாயம் குறிப்பிடுங்கள். பரிந்துரைக் கடிதம் பொதுவாக மூன்று. அவற்றில் ஒன்றாவது உங்களோடு ஆய்வில் நேரடியாக வேலை செய்தவரிடமிருந்து வர வேண்டும். அவர்களுக்கு ஆறு வார அவகாசம் கொடுங்கள். ஜிஆர்இ என்ற பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன என்பதால், பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். ஆங்கிலத் திறன் தேர்வான டோஃபலின் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும்.

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே பிஎச்.டி. இடங்கள் பெரும்பாலும் வேலை விளம்பரம் போல வருடம் முழுவதும் வந்துகொண்டிருக்கும். தலைப்பு முன்பே முடிவாகியிருக்கும், மூன்று நான்கு வருட ஒப்பந்தம், முதுகலைப் பட்டமும் பொதுவாகக் கேட்பார்கள்.

நிதியுதவியோடு வாய்ப்பு வந்துவிட்டால், சில பேராசிரியர்கள் மார்ச்சிலேயே பதில் சொல்லும்படி நெருக்குவார்கள். அமெரிக்காவின் பட்டமேற்படிப்புப் பள்ளிகள் மன்றத்தின் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம் என்றால், ஏப்ரல் 15க்கு முன் முடிவு சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மற்ற இடங்களின் முடிவு வரும்வரை அந்தத் தேதியைச் சுட்டிக்காட்டிப் பணிவாகக் காத்திருக்கலாம். வாயால் சொன்ன கோடைக்காலச் சம்பளம் கடிதத்தில் இல்லையென்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.