ஃபிராங்கன் மலையில் ஒரு மெகா: பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம், நோட்டைப் பற்றி நிறைய

முதலில் பஸ் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அது வயிற்றுக்குள் இருக்கும்வரை மற்ற எதையும் எழுத வராது.

ஜியோகேச்சிங் என்கிற டப்பா தேடும் விளையாட்டின் பெரிய கூட்டம் ஒன்றுக்காக, சனிக்கிழமை காலை ஜெர்மனியின் எபர்மான்ஸ்டாட் ரயில் நிலையத்தில் இறங்கினோம், நானும் என் தம்பியும். மியூனிக்கிலிருந்து நியூரம்பெர்க், அங்கிருந்து ஃபோர்ஹைம், பிறகு வீசென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓடும் குட்டி ரயில். தம்பி எர்லாங்கனில் படிக்கிறான், வழியில் ஏறிக்கொண்டான். இதுவரை கையிலிருந்து ஒரு பைசா கூடுதல் செலவில்லை. 2025 ஜனவரியில் 58 யூரோவாக ஏற்றியிருந்த, ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாத டிக்கெட், அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. அதுதான் என் முழுத் திட்டமும்: மாத டிக்கெட்டிலேயே போய்வருவது.

நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் 9.40க்கு பஸ். நேரத்துக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு டெலிபோன் படம். 9.40 போனது. 10 மணியும் போனது. எங்களோடு ஒரு கும்பலே நின்றது. பையில் தொங்கும் கார்மின் ஜிபிஎஸ் கருவி, சேறு படிந்த பூட்ஸ், தொப்பியில் குத்திய பழைய மெகா பேட்ஜுகள். பார்த்தவுடனே தெரிந்தது, எல்லாரும் நாங்கள் போகும் இடத்துக்குத்தான். தம்பி குனிந்து அந்தச் சின்ன எழுத்தைப் படித்தான்.

"அக்கா, இது தானா வர்ற பஸ் இல்ல. ஒரு மணி நேரம் முன்னாடியே போன் பண்ணி புக் பண்ணினாத்தான் வருமாம்."

"பண்ணலன்னா?"

"வராது."

ஜெர்மன் கிராமங்களில் இப்படிக் கூப்பிட்டால் மட்டும் வரும் பஸ்கள் நிறைய உண்டு. ஆள் ஏறாத ஊருக்கு வெறும் வண்டி ஓட்டுவது வீண் என்பது நியாயம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான பேர் வரும் நிகழ்ச்சியின் அறிவிப்பில் "ரயில் நிலையத்திலிருந்து பஸ் உண்டு" என்று ஒற்றை வரி போட்டுவிட்டு, போன் பண்ண வேண்டும் என்பதை விட்டுவிடலாமா? கார் நிறுத்தும் இடத்துக்கு மட்டும் மூன்று பத்தி, கோஆர்டினேட்ஸ், படம் எல்லாம் இருந்தது.

வெளியே ஒரே ஒரு டாக்சி. ஓட்டுநர் கூட்டத்தைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார், மீட்டர் பக்கம் கையே போகவில்லை. "நாற்பத்தைந்து யூரோ." பத்து கிலோமீட்டர்கூட வராத தூரம். மீட்டர் போடச் சொன்னேன். "அப்போ அடுத்த வண்டியைப் பாருங்க" என்றார். அடுத்த வண்டி ஏது? செக் நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு ஜோடியும் நாங்களுமாகப் பங்கு போட்டு ஏறினோம். தலைக்கு 11.25. நான் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கியிருந்த காசு அது. காரில் வந்தவர்களுக்கு பார்க்கிங் இலவசம், ரயிலில் வந்தவர்களுக்கு இந்தத் தண்டம். காட்டை நேசிக்கிறோம், குப்பை பொறுக்குகிறோம் என்று சொல்லும் ஒரு விளையாட்டில் இது தலைகீழ் நீதி என்பேன்.

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி, ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு எடுத்துவிட்டது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டோரம் மறைத்துவைத்து, கோஆர்டினேட்ஸை இணையத்தில் போட்டு, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்றார். இன்றுவரை அதுதான் விளையாட்டு: யாரோ ஒளித்த டப்பாவை, அதாவது கேச்சை, தேடி எடுப்பது, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதுவது, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவது. 2025இல் அதற்கு 25 வயது ஆனது. டப்பா தேடுபவர்கள் ஓரிடத்தில் கூடினால் ஈவென்ட். 500 பேர் தாண்டினால் மெகா, 5000 தாண்டினால் கிகா. உலகத்தின் முதல் கிகா 2014இல் எங்கள் மியூனிக்கில்தான் நடந்தது. அதனாலோ என்னவோ, இங்கே கோடை வந்தாலே வாராவாரம் எங்கேயாவது ஒரு கூட்டம்.

நான் போனது வருஷா வருஷம் நடக்கும் ஒரு மெகா. பெயர் வேண்டாம். நடத்துபவர்கள் அத்தனை பேரும் வேலை நேரம் போக, சொந்த விடுமுறையைக் கொடுத்து உழைப்பவர்கள்.

இடம் மட்டும் கண்கொள்ளாது. ஃபிரெங்கிஷெ ஷ்வைட்ஸ் என்கிற இந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, குகை, பாறை உச்சியில் இடிந்த கோட்டை, அடிவாரத்தில் செர்ரித் தோட்டம். வௌவால் உறங்கும் குகைகளுக்குள் அக்டோபர் முதல் மார்ச் கடைசிவரை போகக் கூடாது என்று சட்டம். அதனால் குகை கேச் தேடுபவர்கள் கோடையிலேயே குவிகிறார்கள். நாங்களும் ஒன்றை எடுத்தோம். தவழ்ந்து போய், ஈரப் பாறை இடுக்கில் கை விட்டால் ஒரு பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி. மூடியின் ரப்பர் விளிம்பு இன்னும் இறுக்கமாக இருந்தது, உள்ளே நோட்டு துளி ஈரமில்லை. பதினைந்து வருஷமாக ஒருவர் அதைப் பராமரிக்கிறார் என்று நோட்டின் முதல் பக்கத்தில் தெரிந்தது. இப்படி ஒரு டப்பாவுக்காக நான் இன்னொரு டாக்சிக்காரரையும் பொறுத்துக்கொள்வேன்.

சரி, தலைப்பில் சொன்ன நோட்டு. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

பதிவு மேஜைக்கு முன்னால் நீண்ட வரிசை. அந்த வரிசை ஓரமாக ஆரஞ்சு சட்டை மாட்டிய அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் நோட்டும் பென்சிலுமாக நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "இங்கே வந்து சேர்வதற்குள் எந்த இடத்தில் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது?"

எத்தனையோ ஈவென்டுகளில் கருத்துப் படிவம் பார்த்திருக்கிறேன். "ஒட்டுமொத்தமாக எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?" என்பார்கள். நாலு போட்டுவிட்டுப் போவேன். அந்த நாலை வைத்து யார் என்ன செய்ய முடியும்? இந்த அம்மா கேட்ட கேள்விக்கு நாலு என்று பதில் சொல்ல முடியாது. நான் பஸ் நிறுத்தத்தைக் கொட்டித் தீர்த்தேன். முழுவதும் கேட்டார். நடுவில் ஒரு சமாதானமும் சொல்லவில்லை, "ஆனால்" என்று ஒரு வார்த்தை வரவில்லை. எழுதும்போது எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் "இன்று", வலப்பக்கம் "அடுத்த வருஷம்". என் புகார் இரண்டு பக்கமும் ஏறியது. "போன் நம்பரையும் கடைசி பஸ் நேரத்தையும் பலகையில் எழுது" என்பது இடப்பக்கம். "நிலையத்திலிருந்து சுற்று பஸ், பஞ்சாயத்தோடு பேசு" என்பது வலப்பக்கம்.

எங்களுக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் ஒருவர். ஒவ்வொரு கேச்சுக்கும், ஈவென்டுக்கும் நிலம் எவ்வளவு கரடு என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை டெரெய்ன் என்ற மதிப்பு உண்டு. ஒன்று என்றால் சக்கர நாற்காலியில் போகலாம் என்று பொருள். அவர் சொன்னார்: "மைதானம் டெரெய்ன் 1, ஒத்துக்கொள்கிறேன். கழிவறைக்கு மூன்று படி. அது டெரெய்ன் 1 இல்லை." அந்த அம்மா எழுதினார், கையோடு வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிட்டார். மதியத்துக்குள் ஊர் தீயணைப்புப் படை இளைஞர்கள் நாலு பலகையைக் கொண்டுவந்து, ஆணியடித்து, ஏறிக் குதித்துப் பார்த்துச் சரிவுப் பாதை போட்டுவிட்டார்கள். இதே குறையை இரண்டு வாரம் கழித்து இணையப் படிவத்தில் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? "கவனத்தில் கொள்கிறோம்" என்று ஒரு பதில் வந்திருக்கும், அவர் அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருப்பார்.

கருத்துக் கேட்பது என்றால் இதுதான். ஆள் நின்று கஷ்டப்படும் இடத்துக்குப் போய், கஷ்டப்படும் நேரத்தில் கேட்பது.

சாயங்காலம் மேடையில் ஒரு கலந்துரையாடலும் இருந்தது. ஒலிபெருக்கியில் "எங்கே முன்னேறலாம், சொல்லுங்கள்" என்றார்கள். கைதட்டல்தான் வந்தது. ஒருவர் எழுந்து டீஷர்ட் நிறத்தைப் பற்றிப் பேசினார். அந்நேரம்வரை உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ரசித்தவர்கள், பெரும்பாலும் பக்கத்திலேயே கூடாரம் போட்டவர்கள். வரிசை பிடிக்காமல் பன்னிரண்டு மணிக்கே கிளம்பியவர்களும், குழந்தை அழுது போனவர்களும் அங்கே இருக்கப்போவதில்லையே. ஈவென்டின் இணையப் பக்கத்தில் விழும் லாகுகளும், அதாவது வந்தவர்கள் எழுதும் பதிவுகளும், அப்படித்தான். ஒன்றன்பின் ஒன்றாக நன்றி, நன்றி, அருமை. புகாரைப் பொதுவில் எழுதினால் உழைத்தவர்கள் மனம் நோகும் என்று யாரும் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அது நோட்டில் சொல்ல வேண்டிய விஷயம்.

நடுவில் சாப்பாடு. இதைச் சொல்லாமல் போனால் பாவம். ஊர்ப் பெண்கள் சங்கம் ஒரு தகரக் கொட்டகைக்குள் கியூக்லா சுட்டுக்கொண்டிருந்தது. புளித்த மாவை உருண்டை பிடித்து, இழுத்து இழுத்து, நடுவில் விளக்கு வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக்கி நெய்யில் விடுகிறார்கள். நம் ஆப்பத்தைத் திருப்பிப் போட்ட கணக்கு: நடுவில் அப்பளம் மாதிரி மொறுமொறு, ஓரம் மெத்தென்று உப்பல். மேலே சர்க்கரைப் பொடி. ஒன்றின் விலை இரண்டு யூரோ. தம்பி மூன்று சாப்பிட்டான், நான் அவனிடம் காசுக் கணக்குப் பார்க்கவில்லை. அதற்கு முன் காளான் குழம்போடு உருளைக்கிழங்கு உருண்டை, ஏழு யூரோ, அதுவும் நன்றாகவே இருந்தது. சைவம் சாப்பிடுபவர்கள் ஜெர்மன் கிராமத்து விழாவில் வெறும் பிரெட்டும் சாலட்டுமாக முடிப்பது வழக்கம். இங்கே வயிறு நிறைந்தது. இதையும் நோட்டுக்காரம்மாவிடம் தேடிப் போய்ச் சொன்னேன், நல்லதும் பதிவாகட்டும் என்று. அவர் "எது நல்லா இருந்துச்சு, குறிப்பா?" என்று திருப்பிக் கேட்டார். "இறைச்சி இல்லாதது இரண்டு வகை, விலை பலகையில் தெளிவா" என்றேன். அதை வலப்பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டார்: அடுத்த வருஷமும் மாற்றாதே.

நினைவுக்கு வாங்கும் மரக்காசு, பேட்ஜ், கழுத்துப் பட்டி சேர்ந்த பொதி 15 யூரோ. எனக்கு வேண்டாம் என்று விட்டேன். லாக் பலகையில் பெயர் எழுதினால் போதும், வந்ததற்கு அதுவே சாட்சி.

திரும்பும்போது பலகையில் போன் நம்பர் இருந்தது, யாரோ ஒரு தொண்டர் எல்லாருக்குமாகக் கூப்பிட்டும் வைத்திருந்தார். வந்தது எட்டு சீட் வேன். நின்றவர்கள் அதைவிட மிக அதிகம். பெரியவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிவிட்டு நாங்கள் ஆற்றோரமாக நடந்தோம். நடை அருமை, ஆனால் மழை பெய்திருந்தால் இந்த வாக்கியத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். நிகழ்ச்சி முடியும் நேரத்துக்கு இரண்டு சுற்று பஸ் ஓட்டாமல் இந்தச் சிக்கல் தீராது.

வீட்டுக்கு வந்ததும் அமைப்பாளர்களுக்குத் தனியே ஒரு மெயில் போட்டேன். மூன்று விஷயம். ஒன்று, கருத்துப் படிவம் ஜெர்மனில் மட்டும் இருக்கிறது. டாக்சியில் எங்களோடு வந்த செக் ஜோடி அதைப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். செக் எல்லை அத்தனை பக்கம், அவர்கள் வருஷா வருஷம் வருகிறவர்கள். இரண்டு, நோட்டுக்காரம்மா ஒருவர் போதாது. காலையில் நிலையத்தில் ஒருவர், மதியம் வெளியேறும் வழியில் ஒருவர் நிற்கட்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ஈவென்ட் பக்கத்தில் "வருகிறேன்" என்று முன்கூட்டியே பதிவு போட்டவர்கள் பட்டியல் இருக்கிறது, "வந்தேன்" என்று போட்டவர்கள் பட்டியலும் இருக்கிறது. முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதவர்களை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரே வரியில் கேட்க வேண்டும்: ஏன் வரவில்லை? சிலருக்குக் காய்ச்சல் இருந்திருக்கும், சிலர் குடும்பத்துக்கே ஒரு கணக்கில் பதிவு போட்டிருப்பார்கள். ஆனால் எபர்மான்ஸ்டாட் நிறுத்தத்தில் டாக்சி கிடைக்காமல், அடுத்த ரயிலில் திரும்பிப் போன இரண்டு பேரை நானே பார்த்தேன். அவர்கள் கையில் எந்தப் படிவமும் போய்ச் சேராது. இந்த மெகாவைப் பற்றி அவர்களைவிடப் பயனுள்ள கருத்து வேறு யாரிடம் இருக்கும்?

பதில் அன்றிரவே வந்தது. பட்டியலை ஒப்பிட இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்களாம்.

செலவுக் கணக்கு, தலைக்கு: டாக்சி 11.25, உருண்டை 7, கியூக்லா இரண்டுக்கு 4, காபி 2.50. அடுத்த வருஷம் போகிறவர்கள் ரொக்கம் எடுத்துப் போங்கள், கியூக்லா கொட்டகையில் கார்டு வாங்குவதில்லை. எபர்மான்ஸ்டாட்டிலிருந்து பெஹ்ரிங்கர்ஸ்மியூலேவரை கோடை ஞாயிறுகளில் பழைய ரயில் ஓடுகிறது. ஒரு நாள் கூடத் தங்க முடிந்தால் அதில் போய்வாருங்கள், ஆனால் அதற்குத் தனி டிக்கெட். பஸ் அட்டவணையில் டெலிபோன் படம் இருந்தால், முந்தின நாளே போன் பண்ணிவிடுங்கள்.