கூரை தப்பிய இடங்கள்: அயர்லாந்து நாட்குறிப்பு

மே 14, நியூகிரேஞ்ச்

டப்ளினில் இருந்து வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். காரைப் பார்வையாளர் மையத்தில் விட்டுவிட்டு, போய்ன் ஆற்றின் நடைபாலத்தைக் கடந்து, அவர்களுடைய பேருந்தில்தான் மேட்டுக்குப் போக வேண்டும். புல் மூடிய பெரிய வட்டக் கல்லறை மேடு, விட்டம் 85 மீட்டர் இருக்கும். கி.மு. 3200 வாக்கில் கட்டியது. கீசா பிரமிடுகளுக்கும் மூத்தது. முகப்பில் பளீரென்று நிற்கும் வெள்ளைப் படிகக்கல் சுவர் மட்டும் நம் காலத்து வேலை. 1962 முதல் 1975 வரை இங்கே அகழாய்வு செய்த ஓ'கெல்லி, சரிந்து கிடந்த கற்களை வைத்து எழுப்பியது. பழைய சுவர் இப்படித்தான் இருந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கும் அந்தப் புதுக்கருக்கு உறுத்தியது.

உள்ளே போனால் அந்த உறுத்தல் போய்விடுகிறது. 19 மீட்டர் நீளப் பாதை. சில இடங்களில் பக்கவாட்டில் திரும்பித்தான் நகர முடியும். முடிவில் ஓர் அறை. கீழ்க்கல்லைவிட மேல்கல் சற்றே உள்ளே தள்ளி, அப்படியே அடுக்கடுக்காக ஆறு மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் ஒற்றைக் கல்லால் மூடியிருக்கிறார்கள். வழிகாட்டிப் பெண் விளக்கை அணைத்து, குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளில் (ஆண்டின் மிகக் குறுகிய பகல்) வாசலுக்கு மேலுள்ள திறப்பு வழியாக வெயில் வருவதை மின்விளக்கால் காட்டினார். தரையில் மெல்லிய கோடாகத் தொடங்கி அறைவரை நீள்கிறது. அசல் வெயில் நிற்பது 17 நிமிடம்தான், அதற்குள் நுழையக் குலுக்கல் சீட்டு. 1967 டிசம்பரில் ஓ'கெல்லி தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

வெயிலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் அசந்துபோனது வேறொன்றில். பாதையின் கூரைக் கற்களின் மேற்புறத்தில், மழைத்தண்ணீர் வழிந்தோட வாய்க்கால் வெட்டியிருக்கிறார்களாம். இடுக்குகளில் சுட்ட மண்ணும் கடல் மணலும் அடைத்திருக்கிறார்கள். அறை இன்றும் ஒழுகுவதில்லை. ஐந்தாயிரம் வருடம்! நாங்கள் டப்ளினில் தங்கிய அறையின் குளியலறைக் கூரை ஒழுகியதை என் வீட்டுக்காரர் நினைவுபடுத்தினார்.

மே 15, காஷெல்

டிப்பரரி சமவெளியில் திடீரென்று எழும் சுண்ணாம்புப் பாறை, அதன் தலையில் ஒரு கூட்டம் கட்டடங்கள். தெற்கு மாகாணமான மன்ஸ்டரின் அரசர்களுக்கு இருக்கையாக இருந்ததை 1101-இல் முயர்ஹெர்டாக் ஓ'பிரையன் திருச்சபைக்குக் கொடுத்துவிட்டார். 1647-இல் இதே பாறைக்குப் படையோடு வந்து, கோயிலுக்குள் ஒளிந்தவர்களைக் கொன்று சூறையாடிய இஞ்சிக்வின் பிரபுவும் ஓ'பிரையன் வம்சம்தான். கொடுத்ததும் அவர்களே, கெடுத்ததும் அவர்களே.

பெரிய தேவாலயத்துக்குக் கூரை இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பேராயர் பிரைஸ் காலத்தில் கூரையைக் கழற்றிவிட்டார்கள். பேராயருக்கு மேடேற அலுப்பு என்று ஊரில் ஒரு கதை உண்டு. சுவர்களுக்கு நடுவே நின்றால் தலையில் தூறல், மேலே காக்கைச் சத்தம்.

பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது கார்மாக் சிற்றாலயம். 1134-இல் அர்ச்சிக்கப்பட்டது. கூரை உட்பட எல்லாம் மணற்கல். அங்கேதான் வினை: மணற்கல் தண்ணீரைக் குடிக்கும். எட்டு நூற்றாண்டு மழையைக் குடித்து ஊறிப்போய், உள்ளேயிருந்த சுவரோவியங்கள் பாசி படிந்து உதிரத் தொடங்கின. பல வருடங்கள் சாரம் கட்டி, கட்டடம் முழுவதற்கும் மேல்கூரை போட்டு, காயவிட்டார்கள். கூரைக்கே ஒரு கூரை. இப்போது சின்னச் சின்னக் குழுவாகத்தான் உள்ளே விடுகிறார்கள். நம் மூச்சில் இருக்கும் ஈரம்கூட ஆகாது. ஓவியத்தில் எஞ்சிய நீலம் லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லை அரைத்த சாயம் என்றார் வழிகாட்டி. கதவருகே நின்று எட்டிப் பார்த்தேன், ஓர் உள்ளங்கை அளவு நீலம் தெரிந்தது.

மே 16

மழை. கில்லார்னிக்கு வண்டி ஓட்டியதோடு சரி.

மே 17, கில்லார்னி

காலையில் மக்ராஸ் மடம். 1448-இல் பிரான்சிஸ்கன் துறவிகள் தொடங்கியது. நடு முற்றத்தில் ஒரே ஒரு யூ மரம் கூரை மட்டத்தையும் தாண்டி வளர்ந்து, முற்றத்தில் வெயிலே விழாமல் செய்துவிட்டது. அப்புறம் குதிரைவண்டிக்காரர்கள் சொன்ன விலையைக் கேட்டு, நடந்தே ஏரிக்கரைக்குப் போனோம்.

ராஸ் கோட்டை ஓ'டொனஹூ குலத்தின் கோபுர வீடு, பதினைந்தாம் நூற்றாண்டு. வழிகாட்டியோடுதான் மேலே போகலாம். சுழல்படிகள் வேண்டுமென்றே உயரம் மாறி மாறி இருக்கின்றன, இருட்டில் ஏறும் எதிரி தடுக்கி விழட்டும் என்று. கழிப்பறைத் துளைக்கு மேல் துணிகளைத் தொங்கவிடுவார்களாம், ஆவியில் பேன் சாகும்.

நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றது கல் வளைவின் அடிப்பக்கத்தை. சாந்தில் கூடைப் பின்னலின் அச்சு அப்படியே பதிந்திருக்கிறது. வளைவு கட்டும்போது மரச்சட்டத்தின் மேல் மிலாறுத் தட்டியை விரித்து, சாந்து கொட்டிக் கல் அடுக்கி, இறுகியதும் சட்டத்தைப் பிரித்துவிடுவார்கள். ஒரு குச்சியின் கணு, இன்னொன்றின் முறிந்த முனை, எல்லாம் தெரிகிறது.

ஏரியில் கப்பல் வந்தால்தான் ராஸ் விழும் என்றொரு வாக்கு இருந்ததாம். 1652-இல், அயர்லாந்தை அடக்கப் படையெடுத்த ஆங்கிலேயர் கிராம்வெல்லின் தளபதி லட்லோ ஏரியில் படகுகளை இறக்கினார். கோட்டை பணிந்தது.

மே 19, மோஹர், பர்ரன்

டார்பெர்ட்டில் காரோடு படகேறி ஷானன் முகத்துவாரத்தைக் கடந்தோம், இருபது நிமிடம். ஓங்கில் (டால்பின்) எதுவும் கண்ணில் படவில்லை.

மோஹர் செங்குத்துப் பாறைகள் உச்சத்தில் 214 மீட்டர். பாதி நேரம் மூடுபனி, பாதி நேரம் அடுத்தவர் செல்ஃபிக் குச்சி. விளிம்பில் 1835-இல் கட்டிய காட்சிக் கோபுரம். கட்டியவர் கொர்னீலியஸ் ஓ'பிரையன்! திரும்பிய பக்கமெல்லாம் இவர்கள்தான்.

பர்ரனுக்கு வந்ததும் மூச்சு விட முடிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த சுண்ணாம்புக்கல், வெடிப்புக்குள் கைவிட்டால் பெரணி. இங்கேயும் லட்லோ வந்திருக்கிறார், 1651-இல். ஒருவனை மூழ்கடிக்கத் தண்ணீரும் தூக்கிலிட மரமும் புதைக்க மண்ணும் இல்லாத நாடு என்றார். போர்க்காரன் கண்ணுக்கு வேறென்ன தெரியும்! ஆனால் மாடுகள் மட்டும் கொழுத்திருக்கின்றன, கல்லிடுக்குப் புல் அத்தனை ருசி என்றும் அவரே சேர்த்து எழுதினார். மற்ற இடங்களில் கோடையில் மலைக்கு ஓட்டுவார்கள். இங்கே குளிர்காலத்தில் ஏற்றுகிறார்கள். கல் கோடைச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, தரையும் சேறாவதில்லை.

கடைசியாகப் புல்னபிரோன் கல்லறை. நிற்கும் கற்களின் மேல் சாய்ந்த ஒரு பலகைக் கல், அவ்வளவுதான். அடியில் முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. தாங்குகல் ஒன்று விரிசல் கண்டதால் 1980களில் மாற்றினார்கள். அந்தச் சாக்கில்தான் அகழாய்வே நடந்தது. கயிறு கட்டி எட்ட நிற்க வைத்திருக்கிறார்கள். இந்தக் கூரையின் கீழ் மழைக்கு ஒதுங்க முடியாது. நனைந்தபடி கார் நிறுத்தத்துக்கு ஓடினோம். நாளை கால்வே, முதல் வேலை துணி துவைக்க இடம் தேடுவது.