மாற்று டிரைவரை காரில் ஏற்றுவது: லைசென்ஸ், ஃபோம், பெடல்

எங்கள் ஃபார்முலா 1 டிரைவருக்கு டாக்டர் "ஓட்டக்கூடாது" என்று எழுதிக் கொடுத்தது வெள்ளிக்கிழமை இரவு. சனிக்கிழமை தகுதிச் சுற்று தொடங்குவதற்குள் வேறொருவரை அந்த காக்பிட்டில் உட்கார வைத்தாக வேண்டும். ஃபார்முலா 1 விதிப்படி ஓர் அணி ஒரு சீசனில் நான்கு டிரைவர்கள் வரை பயன்படுத்தலாம். தகுதிச் சுற்றுக்கு முன்னால் பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் சம்மதித்தால் ஆளை மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கடிதத்தைக் கொடுத்ததும் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார்கள். மற்றதெல்லாம்தான் எங்கள் உயிரை வாங்கியது.

முதல் அடி லைசென்ஸில் விழுந்தது. சிமுலேட்டரில் அந்த வருடம் முழுக்க எங்களுக்காக உழைத்த ரிசர்வ் டிரைவர்தான் எங்கள் முதல் தேர்வு. காரின் செட்டப் அவருக்கு அத்துப்படி. ஆனால் ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸ் வேண்டுமென்றால் முதலில் சொந்த நாட்டு மோட்டார் பந்தயச் சங்கம் தரும் சர்வதேச ஏ கிரேடு லைசென்ஸ் காலாவதியாகாமல் கையில் இருக்க வேண்டும். அவர் புதுப்பிக்கக் கொடுத்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. மருத்துவச் சான்றின் இரண்டாம் பக்கத்தில் முத்திரை இல்லை என்று அந்த அலுவலகத்தில் கோப்பை ஓரமாக வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. இரவில் தொலைபேசியை எடுத்தவர், "திங்கட்கிழமை காலையில் கூப்பிடுங்கள், சம்பந்தப்பட்டவர் வருவார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்று எத்தனை முறை சொன்னாலும் அதே பதில். இன்றைக்கும் அதை நினைத்தால் கொதிக்கிறது. ஒரு முத்திரைக்காக ஒரு திறமைசாலி தன் முதல் பந்தயத்தை கராஜ் ஓரத்தில் நின்று பார்த்தார்.

அதனால் ரிசர்வ் டிரைவர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் அவருடைய லைசென்ஸ் அட்டையையும் மருத்துவச் சான்றையும் கையில் வாங்கிப் பாருங்கள். "விண்ணப்பித்தாகிவிட்டது" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

சூப்பர் லைசென்ஸுக்காக மற்ற பந்தயத் தொடர்களில் எடுக்கும் புள்ளிக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூன்று சீசன்களில் 40 புள்ளி, ஃபார்முலா 1 காரில் 300 கிலோமீட்டர் ஓட்டம் என்பது அடிப்படை. ஃபார்முலா 1க்கு ஒரு படி கீழே இருக்கும் ஃபார்முலா 2 சாம்பியன்ஷிப்பில் முதல் மூன்று இடங்களில் எதில் வந்தாலும் 40 கிடைத்துவிடும். அமெரிக்காவின் இண்டிகாரில் சாம்பியனுக்கு மட்டும்தான் 40. இரண்டாம் இடத்துக்கே 30தான். 2022இல் கோல்டன் ஹெர்டாவைத் தன் இரண்டாவது அணியான ஆல்ஃபாடவுரிக்குக் கொண்டுவர ரெட் புல் எவ்வளவோ முயன்றது. அவர் இண்டிகாரில் பந்தயங்களை வென்றவர். கையில் இருந்ததோ 32 புள்ளி. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. விதிவிலக்கு தரவில்லை, கதை அத்தோடு முடிந்தது.

பழைய ஆள்தானே, பிரச்சினை இருக்காது என்றும் நம்பிவிட முடியாது. 2020 சில்வர்ஸ்டோனில் செர்ஜியோ பெரெஸுக்குக் கொரோனா உறுதியானபோது அவருடைய அணியான ரேசிங் பாயிண்டின் கைக்கெட்டும் தூரத்தில் மெர்சிடீஸின் ரிசர்வ் டிரைவர்கள் இருவர் இருந்தார்கள். எஸ்தபான் குட்டியரெஸ் கடைசியாக ஃபார்முலா 1 ஓட்டியது 2016இல். மூன்று ஆண்டு இடைவெளி தாண்டிவிட்டதால் அவருக்கு லைசென்ஸ் கிடைக்க வழியில்லை. ஸ்டோஃபல் வந்தோர்னுக்கு பெர்லினில் மின்சார கார் தொடரான ஃபார்முலா ஈ பந்தயம். கடைசியில் அணியே இல்லாமல் இருந்த நிக்கோ ஹுல்கென்பெர்குக்கு அழைப்புப் போனது. இரண்டு ரிசர்வ் வைத்திருந்தும் சமயத்துக்கு ஒருவர்கூட உதவவில்லை. ரிசர்வ் டிரைவர் வேறு தொடரிலும் ஓட்டுகிறார் என்றால் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மோதும் தேதிகளுக்கு மூன்றாவதாக ஒருவரை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

நாங்கள் அடுத்துப் போனது அதே மைதானத்தில் ஃபார்முலா 2 ஓட்டிக்கொண்டிருந்த இளைஞரிடம். லைசென்ஸ் தயாராக இருந்தது, அவருடைய அணியும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தது. இங்கே டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: ஃபார்முலா 1க்கு வந்தால் அந்த வார ஃபார்முலா 2 பந்தயம் போய்விடும். 2024 ஜெட்டாவில் கார்லோஸ் சைன்ஸுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தபோது ஆலிவர் பேர்மன் ஃபெராரிக்கு வந்தார். ஃபார்முலா 2 தகுதிச் சுற்றில் முந்தைய நாள் எடுத்த முதலிடத்தை விட்டுவிட்டுத்தான் வந்தார்.

லைசென்ஸ் சரி, ஒப்பந்தம் சரி. இனி உடம்பு.

சீட் செய்வதுதான் மொத்த வேலையிலும் கையைக் கடிக்கும் இடம். கார்பன் சீட் டிரைவரின் முதுகுக்கு அளவெடுத்துச் செய்தது, அடுத்தவருக்குப் பொருந்தாது. புதிதாக கார்பனில் வார்க்க நேரமில்லாதபோது, காக்பிட்டில் பிளாஸ்டிக் பை விரித்து, டிரைவரை ரேஸ் உடையோடு உட்கார வைத்து, இரண்டு திரவங்களைக் கலந்து பைக்குள் ஊற்றுவோம். அது இட்லி மாவு மாதிரி ஃபோமாகப் பொங்கி, முதுகின் வளைவுகளை நிரப்பி இறுகும். இறுகும்போது நன்றாகச் சூடேறும். டிரைவர் நெளியாமல், கைகளை ஸ்டீயரிங்கிலும் கால்களைப் பெடலிலும் வைத்தபடி, பந்தயத்தில் எப்படி உட்காருவாரோ அப்படியே இருக்க வேண்டும்.

இங்கே கெடுவது பெரும்பாலும் அளவில்தான். அதிகமாக ஊற்றினால் இடுப்பு மேலே தள்ளப்படும். கண்மட்டம் உயர்ந்து ஹெல்மெட் காற்றில் ஆடும். குறைவாக ஊற்றினால் கீழ்முதுகில் வெற்றிடம் நின்றுவிடும், சில சுற்றுகளிலேயே வலி தொடங்கும். எங்கள் முதல் ஊற்று வீணானது. இரவில் கராஜ் குளிர்ந்து கிடந்ததால் திரவம் சரியாகப் பொங்காமல் இடது தோளுக்குக் கீழே பொந்து விழுந்துவிட்டது. டப்பாக்களை வெதுவெதுப்பான அறையில் வைத்து எடுத்து மறுபடி ஊற்றியதும் ஒழுங்காக வந்தது. இரண்டு சீட்டுக்கான திரவத்தைப் பெட்டியில் எப்போதும் வைத்திருங்கள். இறுகியதைச் செதுக்கும்போது கால்களுக்கு நடுவே வரும் பெல்ட்டுக்கான துளை அடைபடாமல் பாருங்கள். சீட்டை இரண்டு போல்ட்டுக்கு மேல் வைத்து இறுக்கக்கூடாது என்பது விதி. அடிபட்ட டிரைவரை சீட்டோடு தூக்குவதற்காக வந்த ஏற்பாடு அது, அவசரத்தில் அதில் கை வைத்துவிடாதீர்கள்.

உயரமான டிரைவர் என்றால் பாடு அதிகம். 2020 சாகிரில் லூயிஸ் ஹாமில்டனின் காரில் ஜார்ஜ் ரசல் ஏறியபோது காலுக்கு இடமில்லாமல் தன் அளவைவிடச் சிறிய ஷூ போட்டுக்கொண்டு ஓட்டினார். பெடலை முன்னே தள்ள ஓர் எல்லை உண்டு, அதற்கு மேல் முழங்காலோ பாதமோதான் விட்டுக்கொடுக்க வேண்டும். ரிசர்வ் டிரைவரின் பெடல் தூரம், குதிகால் தாங்கியின் உயரம், ஸ்டீயரிங் எட்டம் மூன்றையும் சீசன் தொடக்கத்திலேயே அளந்து எழுதி வைத்தால் பாதி இரவு மிச்சமாகும்.

அடுத்து வெளியேறும் சோதனை. ஸ்டீயரிங்கைக் கழற்றி 7 நொடிக்குள் வெளியே வர வேண்டும், மொத்தம் 12 நொடிக்குள் ஸ்டீயரிங் திரும்ப மாட்டப்பட வேண்டும். தலைக்கு மேலே இருக்கும் காப்பு வளையமான ஹேலோவைப் பிடித்து உடம்பைத் தூக்கிப் பழகாதவர்களுக்குத் தோள் சிக்கும். எங்கள் பையன் முதல் தடவை சிக்கினான். தோள்பட்டையருகே ஃபோமைக் கொஞ்சம் சீவியதும் தாண்டிவிட்டான். கராஜ் முழுக்கக் கைதட்டல். எடையையும் மறக்கக்கூடாது. டிரைவரும் சீட்டும் சேர்ந்து 2019 முதல் குறைந்தது 80 கிலோ, 2025 முதல் 82. ஒல்லியானவர் என்றால் மீதியை காக்பிட் பகுதியில் எடைக்கட்டியாக வைக்க வேண்டும்.

சின்னச் சாமான்கள்தான் கடைசி நேரத்தில் காலை வாரும். காதுக்குள் வைக்கும் ரேடியோ அச்சு அவரவர் காதுக்கு வார்த்தது. ஃபார்முலா 2 ஹெல்மெட்டின் ரேடியோ இணைப்பு நம் காரோடு பொருந்துகிறதா என்று இரவிலேயே சொருகிப் பாருங்கள். டிரைவர் மாறினால் காரின் எண் மாறும், ஆனால் சீசனுக்கு இத்தனைதான் என்று ஒதுக்கிய இன்ஜின் கணக்கு பழைய டிரைவருடையதே தொடரும். டயரில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே சாகிர் சாட்சி. டயர் குழுவுக்கு ரேடியோ செய்தி போய்ச் சேராமல், சக டிரைவர் போட்டாஸுக்கு ஒதுக்கிய முன் டயர்கள் ரசலின் காரில் மாட்டப்பட்டன. முன்னணியில் இருந்தவர் மறுபடி பிட்டுக்கு வந்து, பிறகு டயரில் காற்றும் இறங்கி, 9ஆம் இடத்தில் முடித்தார். அணிக்கு 20,000 யூரோ அபராதம்.

இதெல்லாம் ஒரு வார மாற்றத்துக்கு. முழு சீசனுக்கு ஆள் தேடினால் வக்கீல்தான் முதல் ஆள். 2016 டிசம்பர் 2 அன்று மெர்சிடீஸின் நிக்கோ ரோஸ்பெர்க் திடீரென ஓய்வு அறிவித்தார். வால்டேரி போட்டாஸ் மெர்சிடீஸுக்கு உறுதியானது 2017 ஜனவரி 16இல். அவர் ஓட்டிவந்த வில்லியம்ஸ் அணி அவரை விடுவிக்க, ஓய்வு பெற்றிருந்த ஃபெலிப்பே மாசாவைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. 2022இல் ஆஸ்கர் பியாஸ்ட்ரி தங்கள் டிரைவர் என்று ஆல்பைன் அணி ஆகஸ்ட் 2 அன்று அறிவித்தது. அன்றே அவர் மறுத்தார். டிரைவர் ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் ஒப்பந்த அங்கீகார வாரியம், ஜூலை 4 தேதியிட்ட மெக்லாரன் ஒப்பந்தம் மட்டுமே செல்லும் என்று தீர்ப்பளித்தது. வருடக்கணக்கில் வளர்த்த டிரைவர், கையெழுத்தான காகிதம் இல்லாமல் கைவிட்டுப் போனார்.

எங்கள் பையனுக்கு, தகுதிச் சுற்றுக்கு முன்னால் வரும் மூன்றாம் பயிற்சி மட்டுமே கிடைத்தது. அந்த ஒரு மணி நேரத்தில் வேகச் சுற்றுகளைக் குறைத்து, கிளட்ச் பிடிக்கும் புள்ளியைக் கண்டுபிடிக்கவும் தொடக்கப் பயிற்சிக்கும் நேரம் ஒதுக்கினோம். தலைதாங்கியில் பக்கவாட்டு அட்டையைத் தடிப்பாக்கினோம். கழுத்துதான் முதலில் தளரும். ஜெட்டாவில் 7ஆம் இடம் பிடித்த பேர்மனுக்கே அந்தப் பந்தயம் உடலளவில் கடினமாக இருந்தது. தகுதிச் சுற்றுக்குப் பிறகும் எங்கள் பையன் அட்டையில் இன்னும் கொஞ்சம் கேட்டான், ஒட்டிக் கொடுத்தோம்.