பாலத்தில் கேட்ட ‘டொக்’

தைப்பூசத்துக்கு முந்தின வாரம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் கூட்டாளிகள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்காகப் பிறையிலிருந்து பாட்டில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு என் ஹைலக்ஸ் பிக்கப்பில் நானும் மச்சானும் பினாங்குத் தீவுக்குப் போனோம். பினாங்குப் பாலம் ஏறியதும் பின்பக்கம் ‘டொக்’ என்றது. பாலத்தின் இணைப்பு ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் ஒரு ‘டொக்’. பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலத்தில் இத்தனை இணைப்புகள் இருப்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

மச்சான் கணக்குப் போட்டான். ஒன்றரை லிட்டர் பாட்டில் பன்னிரண்டு உள்ள பெட்டி 18 கிலோ. ஏற்றியது 60 பெட்டி. ஆக 1,080 கிலோ. “ஹைலக்ஸ் ஒரு டன் தாங்கும்டா” என்று நான்தான் சொல்லி ஏற்றியிருந்தேன். அந்த ஒரு டன்னில் முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்கள் இரண்டு பேர் எடையும் சேர்த்தி என்று யோசிக்கவில்லை.

பெட்டிகளை இறக்கிய பிறகும் வண்டி இடப்பக்கம் சாய்ந்தே நின்றது. பின்னால் போய்ப் பார்த்தேன். இடது சக்கரம் அதன் வளைவுக்கு நடுவில் இல்லை, ஒரு விரல் பின்னால் தள்ளி இருந்தது. கைபேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால், லீஃப் ஸ்பிரிங்கில், அதாவது பின்பாரத்தைத் தாங்கும் எஃகுப் பட்டை அடுக்கில், இரண்டாவது பட்டை கிளிப்புக்குப் பக்கத்தில் இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதி கறுத்த துரு, மீதிப் பாதி புதுக் காசு மாதிரி பளபளப்பு. விரிசல் எப்போதோ விழுந்துவிட்டது, மிச்சத்தைத்தான் நாங்கள் அன்று உடைத்திருக்கிறோம்.

இரண்டாவது பட்டையாகப் போனதால் பிழைத்தோம். வண்டிச் சட்டத்தோடு மாட்டும் கண், அதாவது நுனி வளையம், இருப்பது முதல் பட்டையில்தான். அச்சு முன்னே பின்னே நகராமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். அது போயிருந்தால் வண்டியை இழுத்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். காலி வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்கு வந்தேன். பட்டர்வொர்த் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் லாரி போர்மனாக, அதாவது மெக்கானிக்காக, இருந்தவர். இப்போது ஓய்வு என்று பெயர், ஆனால் ஸ்பேனர் பெட்டிக்கு எண்ணெய் போடாத நாள் கிடையாது.

அவர் உடைந்த பட்டையைக் கண்டுகொள்ளவில்லை. முன்கண்ணில் இருந்த புஷ்ஷை, அதாவது இரண்டு குழாய்களுக்கு நடுவில் ரப்பர் வைத்த உருளையை, விரலால் நெம்பினார். ரப்பர் வட்டமாகக் கிழிந்து உள்குழாய் தனியாக ஆடியது. சக்கரம் பின்னால் போனதற்கும் சத்தத்துக்கும் காரணம் அதுதான்.

“இது எப்ப மாத்தினது?”

“போன வருஷந்தான் சித்தப்பா. வர்க்‌ஷாப்புல.”

“எப்படி முடுக்கினான்? சக்கரம் தரையில இருந்துச்சா, ஜாக்குல தொங்குச்சா?”

நான் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொங்கவிட்டுத்தான் முடுக்கினார்கள். எந்தப் பட்டறை என்று சொல்லப் போவதில்லை. முக்கால்வாசி இடத்தில் இப்படித்தான் செய்கிறார்கள்.

அதில் என்ன தப்பு என்பதைச் சித்தப்பா என் சட்டைக் கையைப் பிடித்து முறுக்கிக் காட்டினார். இந்தப் புஷ் சுழலுகிற சாமான் இல்லை. போல்ட்டை முடுக்கியதும் உள்குழாய் சட்டத்தோடு இறுகிவிடும், வெளிக்குழாய் ஸ்பிரிங் கண்ணோடு ஒட்டியிருக்கும். வண்டி ஏறி இறங்கும்போது நடுவில் உள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு வளைந்து கொடுக்க வேண்டும். அச்சு தொங்கும்போது பட்டை அதிகமாக வளைந்திருக்கும். அந்த நிலையில் முடுக்கினால் ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. வண்டியை இறக்கியதும் ஓடாமல் நிற்கும்போதே அது முறுக்கேறிப் போகிறது. மேடு பள்ளம் எல்லாம் அதற்கு மேல். ஒரு வருஷம் தாங்கியதே பெரிய காரியம்.

சாமான் வாங்கப் போன கடையில் தவுக்கே, அதாவது கடை முதலாளி, இரண்டு யோசனை சொன்னார். உடைந்த பட்டையை மட்டும் மாற்றலாம், மலிவு. அல்லது புது செட்டோடு கூடுதலாக ஒரு தடிப் பட்டை போட்டு ‘ஸ்ட்ராங்’ ஆக்கலாம். முதலாவதைச் சித்தப்பா ஏற்கவில்லை. ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் களைத்ததும் இருந்தால் சாய்வு போகாது, இரண்டு பக்கமும்தான் மாற்ற வேண்டும். இரண்டாவதில் எனக்குக் கொஞ்சம் ஆசை இருந்தது. அவர் வண்டிக்கு அடியில் அச்சையும் பிரேக் வால்வையும் சேர்க்கும் சின்னக் கம்பியைக் காட்டினார். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்து அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கிறது. தடிப் பட்டை போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், பாரம் இருந்தாலும் வண்டி காலி என்று அது நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் குறைந்துபோகும். ஆசை அத்தோடு போனது.

கடைசியில் வாங்கியது: இரண்டு பக்கத்துக்கும் பழைய அளவிலேயே பட்டைச் செட்டு, முன்கண் புஷ் இரண்டு, பட்டையின் பின்நுனியைச் சட்டத்தோடு சேர்க்கும் ஷாக்கிளுக்கு ரப்பர் எட்டு, போல்ட்டுகள், பட்டைக் கட்டை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் புதிதாக நான்கு. யூ போல்ட்டைப் பழசே போட்டுக்கொள்ளலாமே என்றேன். ஒரு தரம் முடுக்கினால் இழுபட்டுப் போகும், மறுபடி அதே பிடி பிடிக்காது என்றார் சித்தப்பா. பாலியூரிதேன் புஷ்ஷும் கிடைத்தது. நீண்ட நாள் வருமாம், ஆனால் கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். ‘டொக்’கை விட்டுக் ‘கிறீச்’சைக் கட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. ரப்பரே வாங்கினேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குத் தொடங்கினோம். முந்தின ராத்திரியே எல்லா நட்டுக்கும் துரு எண்ணெய் அடித்திருந்தோம். முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்சட்டத்தை இரண்டு ஸ்டாண்டில் ஏற்றி, அச்சுக்கு அடியில் டிராலி ஜாக்கை முட்டுக் கொடுத்தோம். அச்சைத் தொங்கவிட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், அதனால் ஜாக் எப்போதும் தொட்டுக்கொண்டே இருந்தது. ஷாக் அப்சார்பர், யூ போல்ட், ஷாக்கிள் எல்லாம் பத்து மணிக்குள் கழன்றுவிட்டன.

முன்கண் போல்ட்தான் உயிரை எடுத்தது.  நட் கழன்ற பிறகும் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு ஒன்றாகிப்போய் அசையவில்லை. சுத்தியல் அடி, சூடு, மறுபடி எண்ணெய், மச்சானின் கெட்ட வார்த்தைகள், ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் கிரைண்டர் எடுத்து, கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் போல்ட்டை இரண்டு பக்கமும் அறுத்தோம். டேங்க், பிரேக் குழாய் பக்கமெல்லாம் ஈரச் சாக்குப் போர்த்தி, பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர். இடப்பக்கம் மட்டும் இரண்டரை மணி நேரம்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு புதுசை ஏற்றும்போது இன்னொரு சிக்கல். பட்டைக் கட்டின் நடுவில் உள்ள சென்டர் போல்ட்டின் தலை, அச்சின் மேலுள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். அரை அங்குலம் தள்ளி நின்றது. யூ போல்ட்டை முடுக்கினால் தானாக இழுத்துக்கொள்ளாதா என்றேன். சித்தப்பா முறைத்தார். அப்படி முடுக்கினால் சென்டர் போல்ட் தலை நசுங்கும், அச்சு கோணலாக நிற்கும், வண்டி நண்டு மாதிரி போகும். சாமான் கட்டும் ராட்செட் பட்டையை அச்சில் சுற்றி முன்பக்கம் சட்டத்தில் மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தோம். ‘ணங்’ என்று குழியில் விழுந்தது. அன்று கேட்டதிலேயே இனிமையான சத்தம் அதுதான்.

யூ போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, நான்கு நூலும் ஒரே நீளம் வெளியே தெரியும்படி முடுக்கினோம். கண் போல்ட்டையும் ஷாக்கிளையும் கையால் மட்டும் இறுக்கி விட்டுவிட்டோம். சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பின்கதவில் ஏறி நின்று குதித்து, பட்டை தன் இடத்துக்கு வந்த பிறகுதான் சித்தப்பா முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு முடுக்குவது சிரமம்தான். தூக்கி வைத்து முடுக்குகிறவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது முதுகுக்குப் புரிந்தது.

பின்பக்கம் இரண்டு விரல் உயர்ந்ததில் முன்விளக்கு வெளிச்சம் கிட்டத்திலேயே விழுந்தது, அதைத் திருப்பிச் சரி செய்தோம். இரண்டு வாரம் ஓடிய பிறகு யூ போல்ட்டை மறுபடி பிடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் இரண்டும் கால் சுற்று உள்ளே போயின. பாலத்தில் இப்போது டயர் சத்தம் மட்டும்தான்.

பழைய பட்டைகளைப் பழைய இரும்புக்காரனிடம் போட இருந்தேன். எதிர்வீட்டு பாக்சிக், அதாவது மலாய்ப் பெரியவர், வேலியோரம் நின்று, பாராங் கத்தி அடிக்க ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அந்த எஃகுக்கு ஈடில்லையாம். உடைந்த துண்டைத்தான் முதலில் எடுத்தார். விரிசல் விழுந்தது வேண்டாம் என்று சொல்லி, வலப்பக்கத்து முழுப் பட்டை ஒன்றைக் கொடுத்தேன்.