51ஆம் பின்னை மூடியதும் புளூடூத் வந்தது

ஒருவழியாகப் புளூடூத் வந்துவிட்டது. பழைய லேப்டாப்பில் வைஃபை கார்டு மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. திருகைக் கழற்றி, ஆண்டெனா ஒயரை மாற்றிச் சொருகினால் வேலை முடிந்தது. ஆனால் கார்டின் விளிம்பில், ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத ஒரு தங்க நிறக் கோடு (அதைத்தான் பின் என்பார்கள்) என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே!

லேப்டாப் 2012 மாடல். மூன்றாம் தலைமுறை ஐ5. எஸ்எஸ்டி போட்ட பிறகு லினக்ஸ் மின்ட்டில் இன்னும் ஜோராக ஓடுகிறது. உள்ளே இருந்த வைஃபை கார்டு இன்டெல் சென்ட்ரினோ 2200. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், புளூடூத் கிடையாது. சிங்கப்பூரில் வீவக (அரசு வீடமைப்புக் கழக) அடுக்குமாடியில் 2.4இல் காலம் தள்ளுகிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. மேல்வீடு, கீழ்வீடு, எதிர் புளோக் என்று எல்லா ரவுட்டரும் அந்த மூன்றுக்குள்தான் முண்டியடிக்கின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் வீடியோ கால் என்றால் முகம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

மாற்றாக எடுத்தது இன்டெல் 7260. 2013இல் வந்த கார்டு, 5 கிகாஹெர்ட்ஸிலும் ஓடும் 802.11ஏசி வைஃபை, 867 எம்பிபிஎஸ், புளூடூத் 4.0. இன்றைய கணக்கில் கிழம்தான். ஆனால் பழைய லேப்டாப் ஸ்லாட்டுக்கான மினி பிசிஐஇ வடிவத்திலேயே கிடைக்கிறது, பழைய ஆண்டெனா ஒயரின் தலை அப்படியே பொருந்துகிறது. வாங்குகிறவர்கள் லேபிளைப் பெரிதாக்கிப் பாருங்கள். எச்எம்டபிள்யூ என்று இருந்தால் மினி பிசிஐஇ, என்ஜிடபிள்யூ என்றால் எம்.2 என்ற புது வடிவம், பழைய ஸ்லாட்டில் நேராகப் பொருந்தாது. எச்எம்டபிள்யூவுக்குப் பக்கத்தில் பிஎன் என்று இருந்தால் விட்டுவிடுங்கள், அது மறுபடியும் 2.4 மட்டும்தான்.

பழைய பொருள் கைமாறும் கேரோசல் செயலியில் 12 வெள்ளி. உட்லண்ட்ஸ் எம்ஆர்டி வாசலில் கைமாறியது. கொடுத்தவர் அறுபது தாண்டிய தமிழர்.

"தம்பி, புளூடூத் வரலைன்னா கார்டு போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. டேப் ஒட்டிப் பாருங்க."

"எந்த டேப் அங்கிள்?"

"மஞ்சளா இருக்குமே, அது. கடைசிப் பின்."

சொல்லிக்கொண்டே படியேறிப் போய்விட்டார்.

அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று. கார்டைப் போட்டதும் வைஃபை உடனே எழுந்தது, டிரைவர் தேட வேண்டிய வேலையே இல்லை. புளூடூத் மட்டும் கல்லுப் பிள்ளையார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கார்டில் வைஃபை போவது பிசிஐஇ வழியாக, புளூடூத் போவது யுஎஸ்பி வழியாக. ஒரே கார்டு, இரண்டு பாதை. அதனால் புளூடூத்தை எல்எஸ்யூஎஸ்பியில்தான் (யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் லினக்ஸ் கட்டளை) தேட வேண்டும். 8087:0024 என்று இரண்டு வரி தெரிந்தால் குதிக்காதீர்கள். 8087 இன்டெலின் எண்தான். ஆனால் அந்த இரண்டும் மதர்போர்டிலேயே இருக்கும் ஹப். மூன்றாவதாக ஒரு 8087 வர வேண்டும். எனக்கு வரவில்லை. வைஃபை, புளூடூத் முடக்கத்தைக் காட்டும் ஆர்எப்கில் கட்டளையிலும் புளூடூத் என்ற பேச்சே இல்லை. முடக்கி வைத்திருந்தால்கூட அங்கே பெயர் தெரியும். இது கண்ணிலேயே படவில்லை.

காரணம் 51ஆம் பின். மினி பிசிஐஇயில் மொத்தம் 52 பின், ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. இன்டெலின் இந்த வகைக் கார்டுகள் 51ஐப் புளூடூத்தை அணைக்கும் சுவிட்சாக எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பின்னின் வோல்ட்டேஜ் தரைமட்டத்துக்கு இறங்கினால் புளூடூத் அணைந்துவிடும். பழைய போர்டுகள் பலவற்றில் அந்தப் பின் வேறு எதற்கோ போயிருக்கும், அல்லது நேராகக் கிரவுண்டில் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட போர்டில் மாட்டினால் புளூடூத் எழுந்திருக்கவே வழியில்லை. அந்தத் தொடர்பை மட்டும் மறைத்துவிட்டால் போதும்.

சொல்வது சுலபம். ஒரே பக்கத்தில் ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையத்துக்கு 0.8 மில்லிமீட்டர்தான். அங்கிள் சொன்ன மஞ்சள் டேப், அதாவது மின்சாரம் கடத்தாத காப்டன் டேப்பைக் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, புது பிளேடால் கீறி, முடியளவு ஒரு கீற்றை இடுக்கியால் உரித்தெடுக்க வேண்டும். ஃபேன் ஓடக் கூடாது. ஓடினால் கீற்று எங்கே போனது என்று தரையைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். 51 எது என்று குழம்பவும் வேண்டாம். கார்டின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அது 16க்கும் 17க்கும் நடுவில். வெட்டிலிருந்து நீளமாகப் போகும் பக்கத்தின் கடைசிக் கோடு, சிப் இருக்கும் முகத்தில்.

கீற்றை அந்தக் கோட்டில் மட்டும் ஒட்டிவிட்டுச் சொருகினால், ஸ்லாட்டின் பல் அதைச் சுருட்டித் தள்ளிவிடும். விளிம்பைத் தாண்டிப் பின்பக்கம் மடித்து ஒட்டினால்தான் நிற்கும். பின்னால் மறைவது 52. அது 3.3 வோல்ட்தான், அதே மின்சாரம் 2, 24, 39, 41 வழியாகவும் வருவதால் ஒன்று குறைந்தால் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் உள்ள 49இல் கொஞ்சம் ஏறினாலும் என் மாதிரி வீட்டு உபயோகத்துக்குப் பாதகம் இல்லை. டேப்புக்குப் பதில் நகப்பூச்சு தடவுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, பிறகு சுரண்டியெடுக்கும்போது தங்கப் பூச்சும் சேர்ந்து வரும்.

மூன்றாவது 8087 வந்தது. ஹெட்செட் சேர்ந்தது. வீட்டில் யாருக்கும் இதன் அருமை தெரியவில்லை.

வைஃபை இணைப்பு வேகம் சாப்பாட்டு மேசையில் 866.7 காட்டுகிறது. என் அறையில் அப்படி இல்லை. ரவுட்டருக்கும் எனக்கும் நடுவில் பாம் ஷெல்ட்டர், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் கான்கிரீட் பாதுகாப்பறை, நிற்கிறது. அந்தக் கான்கிரீட்டைத் தாண்ட 5 கிகாஹெர்ட்ஸ் 2.4ஐவிட அதிகம் திணறும். கதவைத் திறந்து வைத்து, மேசையைக் கொஞ்சம் நகர்த்தினேன், சமாளிக்கிறது. இன்னொன்று: ஹெட்செட் போட்டுக்கொண்டு 2.4 வைஃபையில் இருக்காதீர்கள். புளூடூத்தும் அதே அலைவரிசை, பாட்டு விட்டு விட்டுக் கேட்கும்.

காப்டன் டேப் வேண்டுமென்றால் சிம் லிம் ஸ்குவேருக்குப் போகாமல் எதிரே ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்குப் போங்கள், உதிரி பாகக் கடைகள் அங்கேதான். முன்பெல்லாம் அப்படியே சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றினால் செத்த லேப்டாப் ஒன்றைத் தூக்கி வரலாம், உள்ளே ஆண்டெனா, ஒயர், திருகு எல்லாம் இலவசம் மாதிரி. 2017 ஜூலை 10 கடைசி நாள், அதோடு போயிற்று.

அடுத்து 6 கிகாஹெர்ட்ஸிலும் ஓடும் இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு போட ஆசை. சிங்கப்பூரின் தகவல் தொடர்பு ஆணையமான ஐஎம்டிஏ 2023இல் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை வைஃபைக்குத் திறந்துவிட்டது, அந்தக் காலிச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எம்.2 கார்டு என்பதால் அடாப்டர் பலகை வேண்டும், ஆண்டெனா தலையும் இன்னும் சிறியது. மலிவாக இருக்கிறதே என்று ஏஎக்ஸ்201ஐ வாங்கிவிடாதீர்கள். அது சிஎன்விஐ, பாதி வேலையை இன்டெலின் புதிய சிப்செட்தான் செய்யும். நம் பழைய போர்டில் பொம்மை. திங்க்பேட் லேப்டாப் வைத்திருப்பவர்கள் முதலில் பயாஸின் (லேப்டாப்பை எழுப்பும் நிரல்) அனுமதிப் பட்டியலைப் பாருங்கள், பல மாடல்களில் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் திரையில் 1802 என்ற பிழை எண் வந்து நின்றுவிடும்.

அடாப்டருக்கு ஆர்டர் போட்டாயிற்று. எப்படியும் மறுபடி திறக்கப் போகிறேன் என்பதால் அடிமூடியின் திருகுகள் இன்னும் கிண்ணத்தில்தான் கிடக்கின்றன. லேப்டாப் மூடியில்லாமல் ஓடுகிறது, விசிறிக்கும் நல்ல காற்று.