லைவ் டிஸ்க் பாஸ்வேர்ட் கேட்டபோது

சித்தப்பாவின் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் கிளம்பவே இல்லை. உள்ளே இருக்கும் போட்டோக்கள் கிடைத்தால் போதும் என்றார். நிறுவாமல் டிஸ்க்கிலிருந்தே ஓடும் லினக்ஸ் வகையான டெபியன் லைவை, எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப்போடு, டிவிடியில் எழுதிப் போட்டேன். பூட் ஆனது. ஆனால் டெஸ்க்டாப்புக்குப் பதிலாக லாகின் திரை வந்து நின்றது. "நான் பாஸ்வேர்டே வைக்கலையேடா" என்று பதறினார் சித்தப்பா.

அவர் வைத்ததற்கும் வைக்காததற்கும் இதில் சம்பந்தமே இல்லை. லைவ் டிஸ்க் ரேமில் ஓடுவது; பூட் ஆகும்போதே தனக்கென ஒரு பயனரை உருவாக்கிக்கொள்ளும். டெபியனில் பயனர் பெயர் யூசர், பாஸ்வேர்ட் லைவ். மற்ற லினக்ஸ் வகைகளில், உபுண்டுவில் பெயர் உபுண்டு, மின்ட்டில் மின்ட்; இரண்டிலும் பாஸ்வேர்டைக் காலியாக விட்டு என்டர் தட்டினால் போதும். எம்எக்ஸ் லினக்ஸில் இரண்டுமே டெமோ. எல்லாம் சிறிய எழுத்தில்.

சரி, யூசர், லைவ் என்று கொடுத்தேன். திரை கறுத்து, மறுபடி அதே லாகின் திரை. இந்த இடத்தில் பாஸ்வேர்ட் தப்பு என்று நினைத்து வேறு பாஸ்வேர்ட் தேடப் போனால் பொழுதுதான் வீண். பாஸ்வேர்ட் தப்பாக இருந்தால் அந்தத் திரையிலேயே தப்பு என்று சொல்லிவிடும். கறுத்துப்போய்த் திரும்பினால் உள்ளே விட்டுவிட்டது, டெஸ்க்டாப்தான் எழ முடியாமல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். லைவ் டிஸ்க் தானாகவே லாகின் ஆகிவிடக்கூடியது. லாகின் திரை கண்ணில் படுவதே கோளாறுக்கு அறிகுறிதான்.

உறுதி செய்ய கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தி, கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரைக்குப் போனேன். அங்கே பெயரைத் தட்டினால் முதல் எழுத்துக்குப் பதில் 4 விழுந்தது. நம் லாக்! எண் விசைகளை இயக்கும் விசை அது. சின்ன கீபோர்டு உள்ள பழைய லேப்டாப்களில் நம் லாக் போட்டிருந்தால் யூ 4 ஆகும், ஐ 5, எல் 3. பாஸ்வேர்ட் கட்டத்தில் வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் இது நடந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் பாஸ்வேர்டை முதலில் பெயர் கட்டத்தில் தட்டிப் பார்த்துவிடலாம்.

நம் லாக்கை அணைத்ததும் உள்ளே விட்டது. நிர்வாகி உரிமை தரும் சூடோவைப் போட்டு, சிஸ்டத்தின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையை ஓட்டினால், வரிசையாக நூவோ பெயரில் பிழைகள். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு லினக்ஸில் இருக்கும் திறந்த மூல டிரைவர் அது. இந்தக் கார்டோடு ஒத்துப்போகவில்லை.

மறுபடி பூட் செய்து, முதல் மெனுவிலேயே டேப் விசையை அழுத்தினேன். கீழே வந்த வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று சிறிய எழுத்தில், ஒரே சொல்லாகச் சேர்த்து என்டர். அந்த டிரைவரை ஒதுக்கிவிட்டு எளிய திரை முறையில் எழச் சொல்லும் சொல் அது. யூஇஎஃப்ஐ, அதாவது பழைய பயாஸுக்குப் பதில் வந்த தொடக்க மென்பொருள், உள்ள புதிய மெஷின் என்றால் டேப்புக்குப் பதில் ஈ விசை. லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் சேர்த்து எஃப்10 தட்ட வேண்டும்.

இம்முறை லாகின் திரையே வராமல் நேராக டெஸ்க்டாப். ஐகான்கள் எல்லாம் பூதாகாரமாக இருந்தன, ரெசல்யூஷன் மட்டம். போட்டோ எடுக்க வந்தவனுக்கு அது போதும். விண்டோஸ் பார்ட்டிஷன் படிக்க மட்டும் திறந்தது. அதுவும் நல்லதுக்குத்தான், தவறிக்கூட எதையும் அழிக்க முடியாது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, போட்டோ ஃபோல்டரை முழுதாக இழுத்துப் போட்டேன்.